வார்டிலிருந்து கேஸ் மேனேஜ்மென்ட்டுக்கு: அமெரிக்க மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் வார்டில் பணிபுரிந்த செவிலியர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கும்போது, நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு அடுத்தபடியாக அவர்கள் காதில் விழுவது கேஸ் மேனேஜ்மென்ட். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இல்லை, இரவுப் பணி அநேகமாக இல்லை, நோயாளியைத் தூக்கிப் புரட்டி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவற்றை மட்டும் எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்; உடல் களைப்பின் இடத்தில் வேறொரு களைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. வார்டு செவிலியரின் முன் இருக்கும் கேள்வி, இந்த நோயாளிக்கு அடுத்த சில மணி நேரத்தில் என்ன தேவை என்பது. கேஸ் மேனேஜரின் முன் இருப்பதோ, இவர் இங்கிருந்து எங்கே போகப்போகிறார், அங்கே இவரை யார் பார்த்துக்கொள்வார்கள், அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்ற மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கு உங்கள் வார்டு அனுபவம் பெரிதும் கைகொடுக்கும். மூன்றாவதைப் புதிதாகக் கற்க வேண்டும். இந்தக் கட்டுரையில் விண்ணப்பம் எழுதும் முறையைவிடக் காப்பீட்டு விதிகளுக்கு அதிக இடம் தரப்பட்டிருப்பதற்கு அதுவே காரணம்.

இந்த வேலை மருத்துவமனைகளில் ஏன் பெருகியது என்பதைத் தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். 1983இல், முக்கியமாக 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டம், செலவான தொகையைத் திருப்பித் தரும் பழைய முறையைக் கைவிட்டு, நோய்த் தொகுதிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்த தொகையைத் தரும் முறைக்கு மாறியது. அதன்பின் நோயாளி தேவையின்றித் தங்கும் ஒவ்வொரு நாளும் மருத்துவமனையின் சொந்தச் செலவானது. 2012 அக்டோபரில் இன்னொரு விதி நடைமுறைக்கு வந்தது: இதயச் செயலிழப்பு, நிமோனியா போன்ற குறிப்பிட்ட நோய்களுக்குச் சிகிச்சை பெற்றுச் சென்றவர்கள் 30 நாட்களுக்குள் அளவுக்கு மீறி மீண்டும் சேர்க்கப்பட்டால், மருத்துவமனைக்கு வரும் மெடிகேர் தொகையில் 3 சதவீதம் வரை பிடித்தம் செய்யப்படும். சீக்கிரம் அனுப்பு என்கிறது ஒரு விதி, திரும்பி வராதபடி அனுப்பு என்கிறது மற்றொன்று. கேஸ் மேனேஜரின் மேசை இந்த இரண்டுக்கும் நடுவில் போடப்பட்டிருக்கிறது.

முதலில்: எந்த வகை வேலை என்று முடிவு செய்யுங்கள்

கேஸ் மேனேஜர் என்ற ஒரே பதவிப் பெயரின் கீழ் பல வேலைகள் இருக்கின்றன. மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் திட்டமிடுபவர் ஒரு வகை. நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை இன்டர்குவால் அல்லது எம்.சி.ஜி. என்ற வெளியிடப்பட்ட மருத்துவ அளவுகோல்களுடன் ஒப்பிட்டு, அவர் உள்நோயாளியாக இருக்கத் தகுதி உடையவரா என்று பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் யூட்டிலைசேஷன் ரிவியூ செவிலியர் இன்னொரு வகை. சில மருத்துவமனைகளில் இரண்டையும் ஒருவரே செய்வார், சிலவற்றில் தனித்தனிக் குழுக்கள் செய்யும். காப்பீட்டு நிறுவனத்தில் அமர்ந்து நாட்பட்ட நோயாளிகளைத் தொலைபேசியில் பின்தொடர்வது, பணியிடக் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிப்பது, வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸ் அல்லது வீட்டுச் செவிலிய நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருப்பது ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் புதியவர்கள் பலரும் காப்பீட்டு நிறுவன வேலையைத்தான் முதலில் தேடுகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வரிசை. அந்த இடங்களுக்குப் போட்டி அதிகம், முன் அனுபவமும் கேட்கப்படும். அதைவிட முக்கியமாக, மருத்துவமனைத் தளத்தில் ஓராண்டு வேலை செய்தவருக்கு, தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் என்ன நெருக்கடியில் பேசுகிறார் என்பது தெரிந்திருக்கும். ஆகவே முதலில் மருத்துவமனை, முடிந்தால் நீங்கள் ஏற்கெனவே பணிபுரியும் அதே மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மருத்துவர்களுக்கு உங்களைத் தெரியும், மென்பொருள் உங்களுக்குத் தெரியும், வெளியாட்களுக்கு முன்பாகவே மருத்துவமனையின் சொந்தப் பணியாளர்களுக்குப் பதவி அறிவிப்பு வருவதும் உண்டு.

முடிவெடுக்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு முகமை மூலமாக இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து மீண்டும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் பணியின் தன்மையை மாற்றினால் இழப்பீடு கட்ட நேரிடலாம், விசா நிலையைப் பொறுத்து வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியும் வரலாம். இரண்டாவது, சம்பளம். மணிக்கான அடிப்படை ஊதியம் கூடினாலும், இரவுப் பணிக்கும் வார இறுதிக்கும் கிடைத்துவந்த கூடுதல் தொகை நின்றுபோவதால் மாத வருமானம் குறையக்கூடும். வாரத்தில் மூன்று நாள் வேலை ஐந்து நாளாகும்போது குழந்தைப் பராமரிப்புச் செலவு கூடுவதையும் இதனோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்றாவது, அனுபவம். இரண்டு முதல் மூன்று ஆண்டு மருத்துவ-அறுவை வார்டு, இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் டெலிமெட்ரி அல்லது தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவமும் பி.எஸ்.என். எனப்படும் செவிலிய இளநிலைப் பட்டமும் பெரும்பாலான விளம்பரங்களில் எதிர்பார்க்கப்படுகின்றன.

இரண்டாவது: விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் வார்டில் தொடங்குங்கள்

பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் பயிற்சியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தினமும் காலையில் நடக்கும் பல்துறை ரவுண்ட்ஸில் உங்கள் நோயாளியின் மருந்துகளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், கேஸ் மேனேஜர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். வீட்டில் எத்தனை படிகள், உடன் இருப்பவர் யார், விழுவதற்கு முன் ஊன்றுகோல் வைத்திருந்தாரா, டயாலிசிஸ் எந்த நிலையத்தில், எந்தக் காப்பீடு என்பன போன்ற கேள்விகள்தான் வரும். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் இவற்றுக்கான விடையை ரவுண்ட்ஸுக்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளும் செவிலியரை அந்தக் குழு விரைவில் கவனித்துவிடும்.

கேஸ் மேனேஜர் எழுதும் குறிப்புகளையும், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரின் மதிப்பீடுகளையும் உங்கள் பொறுப்பில் உள்ள நோயாளிகளுக்கு மட்டும் படியுங்கள். பொறுப்பில் இல்லாத நோயாளியின் பதிவைக் கற்றுக்கொள்வதற்காகத் திறப்பதும், நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தை மீறுவதே. ஒவ்வொரு திறப்பும் பதிவாகிறது, வேலை போகக்கூடும். மேலாளரிடம் அனுமதி பெற்று விடுமுறை நாள் ஒன்றில் கேஸ் மேனேஜருடன் நிழலாகச் சுற்றிவந்தால், அவர் நாளில் எவ்வளவு நேரம் தொலைபேசியில் காத்திருப்பதிலேயே கழிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகும் இந்த வேலை வேண்டும் என்று தோன்றினால் மேலே செல்லுங்கள்.

மூன்றாவது: யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள்

மெடிகேரின் ஏ பகுதி உள்நோயாளிச் சிகிச்சைக்கு. பி பகுதி மருத்துவர் கட்டணம், வெளிநோயாளிச் சேவை, வீட்டு மருத்துவக் கருவிகள் ஆகியவற்றுக்கு. டி பகுதி மருந்துக்கு. சி பகுதி எனப்படும் மெடிகேர் அட்வான்டேஜ், தனியார் நிறுவனங்கள் நடத்துவது; அதில் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். மெடிகெய்ட் வருமானம் குறைந்தோருக்கானது, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இந்த அளவு எல்லாப் பாடநூலிலும் இருக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பில் சிறு முறிவு, அறுவை தேவையில்லை, ஆனால் வலியால் நடக்க முடியவில்லை. படுக்கை கொடுக்கப்படுகிறது, உணவு வருகிறது, செவிலியர் மருந்து தருகிறார். மூன்று இரவுகள் கழிகின்றன. செவிலியப் பணியும் தெரபியும் தரும் திறன்சார் நர்சிங் நிலையத்துக்கு, அதாவது எஸ்.என்.எஃப்.புக்கு அனுப்பலாம் என்று பிசியோதெரபிஸ்ட் எழுதுகிறார். குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். அவர் அப்சர்வேஷன் நிலையில், அதாவது சட்டத்தின் பார்வையில் வெளிநோயாளியாகவே இருந்தார் என்பது அப்போதுதான் தெரியவருகிறது. பழைய முறை மெடிகேரில், அதாவது அட்வான்டேஜ் அல்லாத அரசின் நேரடித் திட்டத்தில், எஸ்.என்.எஃப். செலவு ஏற்கப்பட வேண்டுமானால், டிஸ்சார்ஜ் நாளைக் கணக்கில் சேர்க்காமல், தொடர்ந்து மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். அப்சர்வேஷனில் கழிந்த இரவுகள் இந்தக் கணக்கில் வராது. ஆகவே முழுச் செலவும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. வார்டு செவிலியருக்கு உள்நோயாளியும் அப்சர்வேஷனில் இருப்பவரும் ஒன்றுதான். அதே படுக்கை, அதே மருந்து. பில்லில் அவர்கள் வேறு வேறு.

யார் உள்நோயாளி என்பதற்கு 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது இரு நள்ளிரவு விதி. மருத்துவரீதியாகத் தேவையான சிகிச்சை இரண்டு நள்ளிரவுகளைத் தாண்டும் என்று மருத்துவர் நியாயமாக எதிர்பார்த்து, அதைக் குறிப்பில் காட்டினால், உள்நோயாளிச் சேர்க்கை பொருத்தமானது. மேற்சொன்ன பெண்மணி இரண்டாம் நள்ளிரவைத் தாண்டும் முன்பே யாராவது மருத்துவரிடம் நிலையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். வலி கட்டுப்படாததால் நரம்புவழி மருந்து தொடர்கிறது போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் நிலை மாறியிருக்கக்கூடும், இல்லையென்றால் குடும்பத்துக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷன் சேவை பெறும் மெடிகேர் நோயாளிக்கு, 36 மணி நேரத்துக்குள் ‘மூன்’ எனப்படும் அறிவிப்பைக் கொடுத்து, வாய்மொழியாக விளக்கி, கையொப்பம் பெற வேண்டும். கையொப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்வது எளிது. அந்தத் தாளின் பொருள் குடும்பத்துக்குப் புரியும்வரை உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. அட்வான்டேஜ் திட்டங்கள் பல மூன்று நாள் நிபந்தனையைத் தளர்த்துகின்றன, ஆனால் முன் அனுமதி கேட்கின்றன. வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பிய கோரிக்கைக்குத் திங்கட்கிழமைதான் பதில் வரும் என்பதை எந்தப் பயிற்சியும் உங்களுக்குச் சொல்லித் தராது.

அடுத்து, மருத்துவமனைக்குப் பின் நோயாளி போகக்கூடிய இடங்களையும் அவற்றுக்கான வாசற்படிகளையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எஸ்.என்.எஃப்.பில் தினமும் திறன்சார் செவிலியப் பணியோ தெரபியோ தேவைப்பட வேண்டும். தகுதி இருந்தால் முதல் 20 நாட்கள் முழுமையாகவும், 21 முதல் 100ஆம் நாள் வரை நோயாளியின் பங்குத் தொகையுடனும் மெடிகேர் ஏற்கும். குளிப்பாட்டவும் உணவூட்டவும் மட்டும் ஆள் தேவைப்படும் நீண்டகாலத் தங்கலுக்கு மெடிகேர் பணம் தராது. இதைக் கேட்டு அதிர்ச்சி அடையாத குடும்பம் அரிது. தீவிர மறுவாழ்வு மருத்துவமனைக்குச் செல்பவர், பொதுவாக நாளுக்கு மூன்று மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் தெரபியைத் தாங்கக்கூடியவராக இருக்க வேண்டும். வீட்டுச் செவிலியச் சேவைக்கு அவர் வீட்டோடு முடங்கியவர் என்ற நிபந்தனையும், மருத்துவர் நேரில் பார்த்த பதிவும் வேண்டும். அந்தச் சந்திப்பு சேவை தொடங்குவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அல்லது தொடங்கிய 30 நாட்களுக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். ஹாஸ்பிஸுக்கு, நோய் அதன் இயல்பான போக்கில் சென்றால் ஆயுள் ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவு என்ற மருத்துவச் சான்று தேவை.

சில விதிகள் வார்டில் கற்ற பொது அறிவுக்கு எதிராகவே இருக்கும். நரம்புவழியாக நீண்ட நாள் மருந்து ஏற்ற உதவும் குழாயான பிக் லைன் பொருத்திய ஒருவருக்கு ஆறு வாரம் ஆன்டிபயாடிக் தேவை. அவர் நடக்கிறார், மகள் வீட்டில் இருக்கிறார், தனியார் காப்பீடு என்றால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவருக்கே பழைய முறை மெடிகேர் மட்டும் இருந்தால், வீட்டில் ஏற்றும் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கான செலவு சரியாக ஏற்கப்படுவதில்லை. அதனால் ஆரோக்கியமாக நடமாடும் மனிதர் மருந்துக்காக மட்டும் நர்சிங் நிலையத்துக்குப் போவதும், தினமும் இன்ஃப்யூஷன் மையத்துக்குக் காரில் அலைவதும் நடக்கின்றன. வீட்டு ஆக்சிஜன் இன்னொன்று: பொதுவாக ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்று பதிவாகியிருக்க வேண்டும், நடக்கும்போதுதான் குறைகிறது என்றால், ஓய்வில் ஆக்சிஜன் இன்றி, நடையில் ஆக்சிஜன் இன்றி, நடையில் ஆக்சிஜனோடு என மூன்று அளவுகளும் குறிப்பில் இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் கருவி நிறுவனம் சிலிண்டரை அனுப்பாது, நோயாளி இன்னொரு இரவு தங்குவார்.

தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் வேறொரு வகை நோயாளியையும் சந்திப்பீர்கள். மகனையோ மகளையோ பார்க்க வருகையாளர் விசாவில் வந்த பெற்றோருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்தால், அவர்களுக்கு மெடிகேர் கிடையாது. பயணக் காப்பீடு ஏற்கெனவே இருந்த நோய் என்று கூறி மறுக்கக்கூடும். கிரீன் கார்டு பெற்றுக் குடியேறிய 65 வயதுக்கு மேற்பட்ட பெற்றோரும், இங்கே வேலை செய்த வரலாறு இல்லையென்றால், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே பிரீமியம் கட்டி மெடிகேரில் சேர முடியும். இத்தகைய நோயாளி வந்தவுடனேயே மருத்துவமனையின் நிதி ஆலோசகரை அழைத்து, அறநிதி உதவிக்கும் அவசரகால மெடிகெய்டுக்கும் வழி உண்டா என்று பார்க்க வேண்டும். நீங்கள் தமிழ் பேசுவதால் உங்களையே மொழிபெயர்க்கச் சொல்வார்கள். நலம் விசாரிப்பது வேறு, சம்மதமும் நோய் விளக்கமும் வேறு. இரண்டாவதற்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைப்பதே விதி, அதுவே உங்களுக்கும் பாதுகாப்பு.

நான்காவது: விண்ணப்பமும் நேர்காணலும்

ரெஸ்யூமேயில் ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது போன்ற திறன்களை வரிசைப்படுத்துவதால் பயனில்லை. அவை எல்லாச் செவிலியருக்கும் உள்ளவை. டிஸ்சார்ஜ் கற்பித்தலை நீங்கள் எப்படி நடத்தினீர்கள், ஷிஃப்டின் பொறுப்பாளரான சார்ஜ் நர்ஸாகப் படுக்கை ஒதுக்கீட்டை எப்படிக் கையாண்டீர்கள், குடும்பத்தாருடனான கடினமான உரையாடல்களில் என்ன பங்காற்றினீர்கள், எந்தக் காப்பீட்டு விதிகள் உங்களுக்குத் தெரியும் என்பவற்றை முன்னால் வையுங்கள்.

நேர்காணலில் அநேகமாக ஒரு சூழல் தரப்படும்: மருத்துவர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார், மகள் அம்மாவை அழைத்துப்போக மறுக்கிறார், என்ன செய்வீர்கள்? சமாதானப்படுத்துவேன் என்பது பலவீனமான பதில். மறுப்பின் காரணத்தை முதலில் கேட்பது, நோயாளிக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்றும் அவர் விருப்பம் என்ன என்றும் பார்ப்பது, தெரபி மதிப்பீட்டைச் சரிபார்ப்பது, மாற்று இடங்களின் பட்டியலைத் தந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது, மெடிகேர் நோயாளியானால் மேல்முறையீட்டு உரிமையை விளக்குவது என்று வரிசையாகச் சொல்பவருக்கு வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த உரிமை, சேர்ந்த இரண்டு நாட்களுக்குள் ஒருமுறையும் டிஸ்சார்ஜை ஒட்டி மீண்டும் ஒருமுறையும் தரப்படும் மெடிகேரின் முக்கிய அறிவிப்பில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் நாள் நள்ளிரவுக்குள், இந்த மேல்முறையீடுகளை ஆராயும் தர மேம்பாட்டு அமைப்பை அழைத்தால், முடிவு வரும்வரை கூடுதல் நாட்களுக்கான கட்டணத்தை, வழக்கமான பங்குத் தொகை நீங்கலாக, நோயாளி ஏற்க வேண்டியதில்லை.

ஐந்தாவது: முதல் ஆறு மாதங்கள்

சுமார் இருபது நோயாளிகள் உங்கள் பட்டியலில் இருப்பது அசாதாரணமன்று. எல்லாரையும் ஒரே ஆழத்தில் பார்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்வதுதான் வார்டிலிருந்து வருபவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. காலையில் இன்று போகக்கூடியவர்கள், நாளை போகக்கூடியவர்கள், எங்கே போவார்கள் என்றே தெரியாதவர்கள் என்று பிரித்துக்கொண்டு, முன் அனுமதிக் கோரிக்கைகளைப் பத்து மணிக்கு முன் அனுப்பிவிடுங்கள். எல்லாரும் முதல் வகையிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். உண்மையில் நாட்களைத் தின்பவர்கள் மூன்றாம் வகையினர். வீடற்றவர், பாதுகாவலர் நியமனத்துக்காக நீதிமன்ற உத்தரவை எதிர்பார்த்திருப்பவர், எந்த நிலையமும் ஏற்காத நடத்தைச் சிக்கல் உடையவர். அவர்களுக்குச் சேர்ந்த முதல் நாளே சமூகப் பணியாளருடன் சேர்ந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மருத்துவரும் நிறுவனத்தின் மருத்துவரும் நேருக்குநேர் பேசும் பியர்-டு-பியர் அழைப்புக்குக் குறுகிய கால அவகாசமே உண்டு. உங்கள் மருத்துவருக்கு நினைவூட்டி, அவர் சொல்ல வேண்டிய மூன்று நான்கு எண்களை, அதாவது ஆக்சிஜன் அளவு, நடந்த தூரம், நரம்புவழி மருந்தின் அளவு போன்றவற்றை, ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் முடிவு மாறக்கூடும். இது வார்டு செவிலியருக்கு இயல்பாகவே வரும் திறமை.

படுக்கை காலியாக வேண்டும் என்ற அழுத்தம் தினமும் மேலிருந்து வரும். பாதுகாப்பற்ற டிஸ்சார்ஜ் என்று உங்கள் செவிலிய அறிவு சொன்னால், அதைக் காரணத்துடன் எழுதி, மருத்துவரிடமும் மருத்துவ ஆலோசகரிடமும் எடுத்துச் செல்லுங்கள். பதிவுபெற்ற செவிலியர் என்ற உங்கள் ஆர்.என். உரிமம் இந்த மேசையிலும் உங்களோடுதான் இருக்கிறது. அதேபோல், மருத்துவமனைக்கே சொந்தமான வீட்டுச் செவிலிய நிறுவனத்தை நோக்கி நோயாளியைத் தள்ளக் கூடாது. பட்டியலைத் தந்து, நிதித் தொடர்பு இருந்தால் அதைச் சொல்லி, தேர்வை அவரிடமே விட வேண்டும் என்று கூட்டாட்சி விதி கூறுகிறது.

ஆறாவது: சான்றிதழ்

சான்றிதழ் வாங்கிவிட்டு வேலை தேடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். அது நடக்காது, ஏனெனில் முக்கியச் சான்றிதழ்கள் எல்லாமே அனுபவத்தை முன்நிபந்தனையாகக் கேட்பவை. சான்றளிக்கப்பட்ட கேஸ் மேனேஜர் என்று பொருள்படும் சி.சி.எம். தேர்வுக்குப் பொதுவாக, அதே சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் 12 மாத முழுநேர கேஸ் மேனேஜ்மென்ட் அனுபவமோ, அத்தகைய மேற்பார்வை இல்லாமல் 24 மாதமோ தேவை. சான்றிதழை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 80 மணி நேரத் தொடர்கல்வியுடன் புதுப்பிக்க வேண்டும். மருத்துவமனையிலேயே தொடர்பவர்களுக்கு ஏ.சி.எம். என்ற மற்றொரு கேஸ் மேனேஜர் சான்றிதழ் பொருத்தமானது, காப்பீட்டு நிறுவனங்களுக்கோ பணியிட இழப்பீட்டுத் துறைக்கோ செல்ல எண்ணுபவர்களுக்குச் சி.சி.எம். அதிகம் பயன்படும். அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையமான ஏ.என்.சி.சி. தரும், செவிலியர்களுக்கு மட்டுமான சான்றிதழும் உண்டு, அதற்கு இரண்டு ஆண்டு ஆர்.என். பணியும், கடைசி மூன்று ஆண்டுகளில் இத்துறையில் 2,000 மணி நேரமும் கேட்கப்படுகின்றன. முதல் நாளிலிருந்தே மேற்பார்வையாளரின் பெயரையும் பணி மணி நேரத்தையும் குறித்துவைத்தால் விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டியிருக்காது.

வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குப் பின்னாளில் மாற நினைப்பவர்கள் உரிமத்தைப் பற்றி முன்பே யோசிக்க வேண்டும். பிற மாநிலத்து நோயாளியுடன் தொலைபேசியில் பேசுவதும் அம்மாநிலத்தில் செவிலியப் பணி செய்வதாகவே கருதப்படுகிறது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்துள்ள செவிலிய உரிம ஒப்பந்தத்தின் கீழ் பலமாநில உரிமம் பெற, நீங்கள் நிரந்தரமாக வசிக்கும் மாநிலம் அதில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை. அங்கே வசிப்பவர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். அந்தக் கட்டணத்தை எத்தனை மாநிலங்களுக்குத் தாங்கள் ஏற்பார்கள் என்பதை வேலை தரும் நிறுவனத்திடம் பணி ஆணையில் கையொப்பமிடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.